ஊற்றுத் தண்ணீரில் என்ன இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

போன மாதம் இந்தப் பக்கத்தில் லூர்து கெபியைப் பற்றி, அதாவது 1858-ல் பெர்னதெத் என்ற சிறுமிக்கு மாதா காட்சி கொடுத்ததாக நம்பப்படுகிற பிரான்சு நாட்டுக் குகையைப் பற்றி, நாலு வரி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதி அங்கே பாறையிலிருந்து வருகிற தண்ணீரைப் பற்றியே கேட்கின்றன. சிலர் நம்பிக்கையோடு கேட்கிறார்கள், சிலர் சந்தேகத்தோடு, ஒருவர் மட்டும் மிகுந்த பயத்தோடு. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளுக்கு இடமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வருகிற செப்டம்பரில் அம்மாவை லூர்துக்கு அழைத்துப் போகிறோம். சலேத் மலையிலும் ஒரு ஊற்று இருக்கிறது, அதையும் பார்த்துவிட்டு வாருங்கள் என்று எங்கள் பங்குச் சாமியார் சொல்கிறார். அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி உண்டு. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் இரண்டும் அக்கம்பக்கத்து ஊர்கள் என்று நினைத்துத் திட்டம் போட்டுவிடாதீர்கள். லூர்து பிரான்சின் தென்மேற்கில், பிரனீஸ் மலையடிவாரத்தில் இருக்கிறது. சலேத் தென்கிழக்கே ஆல்ப்ஸ் மலைக்குள். நடுவில் முழுசாக ஒரு நாள் பயணம், அதற்கு முன்னும் பின்னும் அம்மாவுக்கு ஒவ்வொரு நாள் ஓய்வு. பத்து நாள் கையில் இருந்தால் இரண்டையும் பாருங்கள். ஐந்தாறு நாள்தான் என்றால் லூர்தோடு நிறுத்திக்கொள்வது அம்மாவுக்கு நல்லது.

லூர்தில் முழங்கால் வலி ஒரு தடையே இல்லை. நோயாளிகளுக்காகவே பழகிப்போன ஊர் அது. கெபி காவ் நதிக்கரையில் சமதளத்தில் இருக்கிறது, சக்கர நாற்காலியில் பாறை வரை போகலாம், தள்ளிக்கொண்டு போகத் தொண்டர்கள் இருக்கிறார்கள். கெபிக்குள் நுழைந்ததும் பின்பக்கம், இடது ஓரத்தில், கண்ணாடி போட்டு மூடி விளக்கு வைத்திருப்பார்கள், அதுதான் ஊற்று. பலர் பாறையைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டே வந்து அதைப் பார்க்காமல் தாண்டிவிடுகிறார்கள், அம்மாவை அங்கே ஒரு நிமிடம் நிறுத்துங்கள். அந்தத் தண்ணீரைத்தான் குழாய் போட்டு வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள். காசு கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம்.

சலேத் வேறு மாதிரி. கொடைக்கானல் போனவர்களுக்கு சலேத் மாதா என்ற பெயர் தெரிந்திருக்கும், அந்தப் பெயர் புறப்பட்ட மலை இதுதான். கிரெனோபிள் நகரிலிருந்து தெற்கே கோர் என்ற சிற்றூர் வரை வந்து, அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏற வேண்டும். கோயில் நிற்பது கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்தில். நான் போனது ஒரு ஜூன் மாதம். எதிர்ச்சரிவில் அப்போதும் பனி திட்டுத் திட்டாகக் கிடந்தது. கோயிலைச் சுற்றி எங்கே பார்த்தாலும் புல்தான், காற்று ஒரு நிமிடம் ஓயவில்லை, அந்தக் காற்றுச் சத்தத்துக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்தத் தண்ணீரின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். 1846 செப்டம்பர் 19, சனிக்கிழமை. மெலனிக்கு 14 வயது, மாக்சிமினுக்கு 11. இரண்டு பேரும் அடுத்தவர் வீட்டு மாடுகளை மேய்க்க வந்த பிள்ளைகள், ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டே ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது. அந்த மேய்ச்சல் நிலத்தில் மூன்று ஊற்றுகள் இருந்தன. ஒன்று மாடுகளுக்கு, ஒன்று மனிதர்களுக்கு, மூன்றாவது பனி உருகும்போதும் மழைக்குப் பிறகும் மட்டும் கசிகிற சின்ன ஊற்று. மதியம் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, கையில் இருந்த ரொட்டியைத் தின்றுவிட்டு, வறண்டு கிடந்த அந்தச் சின்ன ஊற்றின் பக்கத்தில் இருவரும் தூங்கிப்போனார்கள். விழித்துப் பார்த்தால் மாடுகளைக் காணோம். பதறிப்போய் மேட்டில் ஏறிப் பார்த்தார்கள், மாடுகள் எதிர்ப்பக்கம் நிம்மதியாகப் படுத்திருந்தன. பைகளை எடுக்கத் திரும்பி இறங்கும்போதுதான், வறண்ட அந்த ஊற்றின் அருகே கல்லில், வெளிச்சத்துக்கு நடுவில், முகத்தை இரண்டு கைகளிலும் புதைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்த ஒரு பெண்மணியைப் பார்த்தார்கள். அவர் முதலில் பிரெஞ்சில் பேசினார். உருளைக்கிழங்கு என்ற பிரெஞ்சுச் சொல் மெலனிக்குப் புரியாமல் மாக்சிமினைத் திரும்பிப் பார்த்ததும், அவர் உடனே பிள்ளைகளின் வட்டார மொழிக்கு மாறிவிட்டார். கிழங்கு அழுகி, கோதுமை கெட்டு, ஏழைகள் வயிறு காய்ந்த காலம் அது. அவர் பேச்சிலும் அது வந்தது. கிரெனோபிள் ஆயர் உடனே எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை, விசாரணை நடத்தி, சரியாக ஐந்து வருடம் கழித்து 1851 செப்டம்பர் 19 அன்றுதான் இது நம்பத்தக்கது என்று அறிவித்தார். அந்த அழுகைக்குப் பிறகு சின்ன ஊற்று வற்றவே இல்லை என்று அங்கே சொல்கிறார்கள்.

மாதா உட்கார்ந்து அழுத இடத்தில் வெண்கலச் சிலை இருக்கிறது, அதன் பக்கத்திலேயே தண்ணீர் வருகிறது. அம்மாவுக்காக இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்: அந்த இடம் கோயிலின் வாசலில் இல்லை, கீழே பள்ளத்தில் இருக்கிறது. இறங்குவது எளிது, ஏறுவதுதான் முழங்காலைச் சோதிக்கும். ஊன்றுகோல் இருக்கட்டும், நடுவில் இரண்டு தடவையாவது நிற்கட்டும். செப்டம்பர் 19 அங்கே திருநாள், கூட்டம் நெருக்கும். இரண்டு மூன்று நாள் தள்ளிப் போனால் அம்மா ஊற்றின் பக்கத்தில் நிதானமாக உட்காரலாம். திருத்தலத்திலேயே தங்க அறைகள் உண்டு, முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள். செப்டம்பரிலும் மாலையானால் குளிர் எலும்பைத் தொடும், கம்பளி உடை கண்டிப்பாக வேண்டும்.

கேள்வி: லூர்து தண்ணீரில் ஏதோ அபூர்வமான தாது இருப்பதாகவும் அதனால்தான் நோய்கள் குணமாவதாகவும் ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா?

பதில்: உண்மை இல்லை. 1858-லேயே முடிந்துபோன விஷயம் இது. பிரனீஸ் பகுதியில் கனிம ஊற்றுகள் இருந்த ஊர்களுக்கு மருத்துவக் குளியலுக்காக ஆட்கள் வந்துகொண்டிருந்த காலம். புதிதாக வந்த தண்ணீரிலும் மருந்துக் குணம் இருந்தால் தங்கள் ஊரும் அப்படி ஆகும் என்று லூர்து நகராட்சி ஆசைப்பட்டது. துலூஸ் நகரத்து வேதியியல் பேராசிரியர் ஃபியோல் அந்தத் தண்ணீரைச் சோதித்து ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தார். சுண்ணாம்பு மிகுந்த மலைகளில் வழக்கமாகக் கிடைக்கிற ஊற்றுத் தண்ணீர் போன்றதுதான், குடிக்கலாம், கெடுதல் இல்லை, நோயைக் குணமாக்கும் தனிப் பொருள் எதுவும் இதில் இல்லை என்பது அவர் முடிவு. திருச்சபை இதை மறைக்கவில்லை, மறுக்கவும் இல்லை. தண்ணீர் சாதாரணமானது என்று திருத்தலமே சொல்கிறது. அப்படியிருக்க, தாது, காந்தம், அதிர்வு என்று யாராவது சொல்லி ஒரு பாட்டிலை விலைக்கு நீட்டினால் அவர்களை நம்பாதீர்கள்.

தண்ணீர் சாதாரணம் என்று தெரிந்தபோது எனக்கு ஏமாற்றமாக இல்லை, மனசுக்கு இதமாக இருந்தது. 1858 பிப்ரவரி 25 அன்று நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஊற்றுக்குப் போய்க் குடி, முகம் கழுவு என்று காட்சியில் மாதா சொன்னதும் 14 வயது பெர்னதெத் நதியைப் பார்த்துத்தான் நடந்தாள், ஏனென்றால் அங்கே வேறு தண்ணீர் இல்லை. அங்கே இல்லை என்று பாறைக்கு அடியில் கை காட்டப்பட்டது. அங்கே போய்க் கையால் தோண்டினாள், வந்தது சேறு. மூன்று தடவை அள்ளிக் கொட்டிவிட்டு நான்காவது தடவைதான் அவளால் விழுங்க முடிந்தது. முகமெல்லாம் சேறோடு திரும்பியவளைப் பார்த்துக் கூடியிருந்தவர்கள் பைத்தியம் என்றார்கள். அன்று அங்கே நின்ற ஒருவருக்கும் அது விசேஷமான தண்ணீராகத் தெரியவில்லை. பிறகு அது தெளிந்தது, ஓடிக்கொண்டே இருந்தது.

மலை ஊற்று எப்படி வருகிறது என்றும் அதே கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். மழையும் உருகிய பனியும் மண்ணுக்குள் இறங்கி, பாறையின் விரிசல்களிலும் இடுக்குகளிலும் கசிந்து கீழே போகும். தண்ணீரை விடாத ஒரு பாறை அடுக்கு குறுக்கே வந்தால் அதற்கு மேல் இறங்க முடியாது, பக்கவாட்டில் நகர்ந்து சரிவு வெட்டுப்பட்ட இடத்தில் வெளியே வந்துவிடும். உள்ளே தேங்குகிற இடம் பெரிதாக இருந்தால் வருடம் முழுக்க ஓடும், சிறிதாக இருந்தால் மழை நின்ற சில வாரங்களில் வற்றிவிடும். பூமிக்குள் வெயிலும் பனியும் எட்டாத ஆழத்திலிருந்து வருவதால் அதன் குளிர் கோடையிலும் குளிர்காலத்திலும் அதிகம் மாறாது. சுண்ணாம்புப் பாறை வழியாக வந்த தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும், பயப்பட வேண்டாம், அது கரைந்து வந்த சுண்ணாம்புதான்.

இதோடு சேர்த்து ஒன்று. திருத்தலக் குழாயில் வருவதைக் குடியுங்கள். போகிற வழியில் மலைச்சரிவில் ஓடுகிற எல்லாத் தண்ணீரையும் ஊற்று என்று நம்பிக் குடிக்காதீர்கள். மேலே ஆடு மாடு மேய்கிற இடமாக இருந்தால், அதுவும் விரிசல் நிறைந்த சுண்ணாம்புப் பாறையாக இருந்தால், தண்ணீர் சரியாக வடிகட்டப்படாமலே வேகமாக இறங்கிவிடும். கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், வயிற்றைக் கெடுக்கும். கனமழைக்கு மறுநாள் ஊற்று கலங்கி வந்தால் நிச்சயம் தொடாதீர்கள்.

கேள்வி: என் தம்பிக்குச் சிறுநீரக நோய். உறவினர் கொண்டுவந்த லூர்துத் தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்த பிறகு மாத்திரைகளை நிறுத்திவிட்டான். மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் இல்லை என்று ஆகிவிடுமாம். எனக்குப் பயமாக இருக்கிறது, அவனிடம் என்ன சொல்வது?

பதில்: இந்தக் கடிதத்தை நான் மூன்று தடவை படித்தேன். அச்சாகி உங்கள் கைக்கு வரும் வரை காத்திருக்க வேண்டாம் என்று தனியாகவும் எழுதிவிட்டேன். இன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எத்தனை நாள் மாத்திரை சாப்பிடவில்லை என்பதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், விட்ட மாத்திரைகளை அவனே சேர்த்துப் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம் என்பதும் சிறுநீரக நோயில் மருத்துவர் சொல்ல வேண்டிய கணக்கு, புனிதமான தண்ணீராக இருந்தாலும் கணக்கில் சேரும்.

அப்புறம், பெர்னதெத்தின் வாழ்க்கையை அவனுக்குச் சொல்லுங்கள். அந்த ஊற்றைத் தன் விரலால் தோண்டியவள் ஆஸ்துமாவோடு வளர்ந்தாள், ஆஸ்துமாவோடே வாழ்ந்தாள். நெவேர் நகரத்து மடத்தில் சேர்ந்து, நோயாளிச் சகோதரிகளின் அறையில் மருந்து கொடுத்துக் கவனிக்கிற வேலையைச் செய்தாள். கடைசியில் எலும்பைத் தாக்கிய காசநோயில் 1879 ஏப்ரல் 16 அன்று, 35 வயதில் இறந்தாள். திருச்சபை 1933-ல் அவளைப் புனிதை என்று அறிவித்தது. நோயாளியாகவே இறந்த அவளுக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்வார்களா? அவள் மருந்தைத் தள்ளவில்லை, மற்றவர்களுக்கு எடுத்தும் கொடுத்தாள்.

இன்னொன்றும் அவன் தெரிந்துகொள்ளட்டும். லூர்தில் 1883 முதல் மருத்துவர்கள் இருக்கிற அலுவலகம் ஒன்று இயங்குகிறது. குணமானேன் என்று வருகிறவரிடம் அவர்கள் கேட்பது மருத்துவ ஆவணங்களைத்தான்: என்ன நோய், யார் கண்டுபிடித்தார், என்ன சிகிச்சை நடந்தது, குணம் நிலைத்திருக்கிறதா. இதுவரை 7,000-க்கும் மேற்பட்டவர்கள் தாங்கள் குணமடைந்ததாக அங்கே சொல்லியிருக்கிறார்கள். 2018-ல் அற்புதம் என்று ஆயர் அறிவித்தது 70-வது. அந்த எழுபதாவது ஆள் ஒரு பிரெஞ்சுக் கன்னியாஸ்திரி. பல வருடம் முதுகுத்தண்டு நோயோடு, வலி மருந்துகளோடு இருந்தவர். 2008-ல் லூர்துக்குப் போய்விட்டுத் திரும்பிய பிறகு, தன் மடத்துச் சிற்றாலயத்தில் செபித்த நாளில்தான் அவருக்குக் குணம் வந்தது. மருந்தைத் தூக்கி எறிவது அந்தக் கதையில் எங்கேயும் ஒரு நிபந்தனையாக வரவில்லை. தம்பி மாத்திரையைப் போட்டுக்கொண்டே அந்தத் தண்ணீரில் ஒரு மிடறு குடிக்கட்டும், மருத்துவர் அனுமதிக்கிற அளவுக்குள். அவன் கேட்க மாட்டேன் என்றால் உங்கள் பங்குச் சாமியாரை வீட்டுக்கு அழைத்து அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் இந்து. லூர்து மாதாவின் மேல் சின்ன வயதிலிருந்தே பக்தி உண்டு. அங்கே போனால் தண்ணீர் எடுக்கவும் கெபிக்குள் போகவும் என்னை விடுவார்களா?

பதில்: விடுவார்கள். யார், எந்த மதம் என்று வரிசையில் ஒருவரும் கேட்பதில்லை. திருப்பலி என்கிற பூசையில் குருவானவர் கொடுக்கும் நற்கருணை அப்பம் மட்டும் கத்தோலிக்கருக்கு உரியது, அந்த நேரத்தில் இடத்திலேயே இருந்தால் போதும். மற்றபடி ஊற்று, கெபி, இரவில் நடக்கும் மெழுகுவர்த்திப் பவனி எல்லாம் உங்களுக்கும்தான். தயங்காமல் போய் வாருங்கள்.

கேள்வி: லூர்தில் குளத்தில் முங்கி எழுவார்களாமே, எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. முங்கினால்தான் பலனா?

பதில்: குளம் இல்லை, கல்தொட்டிகள். தண்ணீர் சுமார் 12 டிகிரி இருக்கும், குளிர் தாங்காதவர்களுக்கு மூச்சு ஒரு கணம் நின்று வரும். இருதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. 2020-ல் பெருந்தொற்றின்போது தொட்டிகளை மூடினார்கள், பிறகு வேறொரு முறை வந்தது: தொண்டர் ஒருவர் உங்கள் கைகளில் தண்ணீர் ஊற்றுவார், கை கழுவுவீர்கள், முகம் கழுவுவீர்கள், ஒரு வாய் குடிப்பீர்கள். எனக்கு இந்த முறைதான் மனசுக்கு நெருக்கம். குடி, கழுவு என்றுதான் பெர்னதெத்திடம் சொல்லப்பட்டது, அதையே அப்படியே செய்கிறோம். தொட்டியில் இறங்கத்தான் வேண்டும் என்று நினைப்பவர்கள், தாங்கள் போகிற நாட்களில் அது உண்டா என்று திருத்தலத்தில் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். முங்கினால்தான் பலன் என்று எங்கும் சொல்லப்படவில்லை.

கேள்வி: மாமியார் ஆறு வருடத்துக்கு முன் லூர்திலிருந்து கொண்டுவந்த தண்ணீர் மாதா உருவ பிளாஸ்டிக் பாட்டிலில் இருக்கிறது. இப்போது லேசாகப் பச்சை படிந்திருக்கிறது. குடிக்கலாமா? கீழே ஊற்றினால் பாவமா?

பதில்: குடிக்காதீர்கள். பச்சை என்பது பாசி, வெளிச்சம் படுகிற இடத்தில் வைத்திருந்தால் எந்தத் தண்ணீரிலும் வரும். மாதாவின் தண்ணீர் கெடாது என்று சொல்கிறவர்கள் உண்டு. கெட்டால் அதனால் மாதாவுக்கு ஒரு குறையும் இல்லை. லூர்துத் தண்ணீர், குருவானவர் செபித்து மந்திரிக்கிற தீர்த்தம் அல்ல என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள், அது ஊற்றிலிருந்து அப்படியே பிடித்தது. பாவம் எதுவும் இல்லை. ஆனால் கழிவுநீர்த் தொட்டியில் கொட்ட மனசு வராது, எனக்கும் வராது. செடியின் வேரில் ஊற்றுங்கள், மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்கே போகட்டும். மாமியார் இருந்தால் அவர் கையாலேயே ஊற்றச் சொல்லுங்கள், அவருக்குச் சங்கடம் இருக்காது. பாட்டிலைக் கழுவிக் காய வைத்து மாதா சுரூபமாக வைத்துக்கொள்ளலாம்.

இனி யாராவது போகும்போது கேட்டால், நல்ல மூடி உள்ள சின்ன பாட்டிலில் கொண்டுவரச் சொல்லுங்கள், பிடித்த தேதியை மேலே எழுதி ஒட்டச் சொல்லுங்கள். விமானத்தில் கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடலாம், துணிகளுக்கு நடுவே பெட்டிக்குள் வைப்பதுதான் நல்லது. வந்ததும் குளிர்ந்த, இருட்டான இடத்தில் வையுங்கள். பல வருடம் அலமாரியில் காப்பாற்றாமல், வேண்டியவர்களுக்கு ஆளுக்குக் கொஞ்சமாக அந்த வாரமே பகிர்ந்து கொடுத்துவிடுங்கள்.